பறக்குறவனுக்கு முட்டி வலிக்காதா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மெக்சிகோக்காரங்க மல்யுத்தம், அதான் லூச்சா லிப்ரே பத்தி ரெண்டு பக்கம் எழுதினதுல இருந்து கேள்வி வந்து குவியுது, இத்தன பேர் ராத்திரி தூங்காம முகமூடி சண்ட பாக்குறீங்கன்னு எனக்கே இப்பதான் தெரியும். முக்காவாசி பேர் சுத்தி வளைச்சு ஒரே விஷயத்ததான் கேட்டிருக்கீங்க. அதனால இந்த தடவ மத்ததெல்லாம் ஒத்தி வெச்சாச்சு, வீடு கட்டுற லோன் பத்தி கேட்டவர் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கணும்.

கேள்வி: அண்ணே, ஒருத்தன் பத்து நிமிஷம் எதிராளியோட கால புடிச்சு முறுக்கு முறுக்குன்னு முறுக்குறான், இவன் கத்துறான், ஜனம் கத்துது, அடுத்த ரெண்டாவது நிமிஷம் அதே கால்ல ஓடி வந்து கயித்து மேல ஏறி வெளியில குதிக்கிறான். இதுக்கு எதுக்கு முறுக்கணும்? – சேலத்துல இருந்து ஒரு காலேஜ் பையன்

தம்பி, உன் கடுப்பு எனக்கும் இருக்கு, ஆனா பாதிதான். நாம எல்லாரும் டிவில அமெரிக்க மல்யுத்தம் பாத்து வளந்தவங்க, அங்க கணக்கு எப்படின்னா ஆரம்பத்துல முட்டிய புடிச்சா கடைசி வரைக்கும் அந்த முட்டிதான் கதை, நொண்டணும், எழுந்திரிக்க முடியாம தவிக்கணும், கடைசில அதே முட்டியால தோக்கணும். இதுக்கு அவங்க வெச்ச பேரு செல்லிங், அதாவது வலிய ஜனங்ககிட்ட விக்கிறது. மெக்சிகோல அந்த கணக்கே வேற. அங்க பழைய வழக்கப்படி மேட்ச் மூணு ரவுண்டு, ரெண்டு ஜெயிச்சவன் ஜெயிச்சான். புடி சரியா விழுந்துச்சா, ஆள் உடனே சரண்டர், அந்த ரவுண்டு காலி, அவ்ளோதான். அஞ்சு நிமிஷம் பல்ல கடிச்சுக்கிட்டு கயித்த நோக்கி ஊர்ந்து போற சீனெல்லாம் அங்க கம்மி. ஏன்னா புடின்னா அது ஒரு பூட்டு, அவங்க பாஷைல புடிக்கு பேரே சாவி, யாவேன்னு சொல்லுவாங்க, சாவி திரும்பிடுச்சுன்னா கதவு சாத்தியாச்சு. கபடில அவுட் ஆனவன் வெளில உக்காந்துட்டு, நம்மாளு ஒரு பாயிண்ட் எடுத்ததும் உள்ள வந்து புதுசா ஆடுறான் பாரு, அந்த மாதிரி ஒரு ரவுண்டு போனா அந்த ரவுண்டோட வலி கணக்கும் பெரும்பாலும் முடிஞ்சுது.

இன்னொன்னு, அங்க நெறைய மேட்ச் மூணுக்கு மூணு. கூட்டாளிய கையில தட்டிட்டுதான் மாறணும்னு அவசியம் இல்ல, ஒருத்தன் ரிங்க விட்டு கீழ விழுந்தாலே போதும், அடுத்தவன் உள்ள போயிடலாம். அடிபட்டவன் உருண்டு வெளில போயி ரெண்டு நிமிஷம் மூச்சு வாங்கிட்டு வந்து திரும்ப பறப்பான். வேகம் குறையாம இருக்குறதுக்கு அதுதான் காரணம், காயக்கதை மெல்லிசா போறதுக்கும் அதேதான் காரணம்.

ஆனா மூணாவது ரவுண்டுல நொண்டிக்கிட்டே வந்தவன் திடீர்னு குட்டிக்கரணம் போட்டா எனக்கும் எரியும். பறக்க வேணாம்னு சொல்லல, பறந்து எறங்குனதும் ஒரு செகண்டு முட்டிய புடிச்சுட்டு உக்காரு, அது போதும், பாக்குறவன் மீதிய தானே சேத்துக்குவான். அந்த ஒரு செகண்டு கூட கொடுக்க மாட்டேன்னு அடுத்த ஸ்டண்டுக்கு ஓடுறானுங்க பாரு, அதுதான் இப்ப இருக்குற சின்ன பசங்க சிலர்கிட்ட எனக்கு புடிக்காதது.

கேள்வி: மூஞ்சிய மூடிட்டா வலி எப்படி தெரியும் சார்? நடிப்புன்னா முகபாவம்தானே? – திருநெல்வேலி டீச்சர் ஒருத்தர்

டீச்சர், நம்மூர் பொம்மலாட்டத்துல அரிச்சந்திரன் மயானத்துல நிக்கும்போது பொம்மையோட மூஞ்சி மாறுதா என்ன? மாறாது, ஆனா தலை கொஞ்சம் சாயும், கை தொங்கும், பாத்துட்டு இருக்குற பாட்டி மூக்க சிந்தும். முகமூடிக்காரனும் அப்படித்தான், முதுகு வளையுறது, ஒரு கை செத்த மாதிரி தொங்குறது, கூட்டத்த பாத்து முடியலன்னு தலையாட்டுறது, எல்லாமே கடைசி வரிசைக்கு தெரியணும். மெக்சிகோ சிட்டில அரீனா மெக்சிகோன்னு ஒரு ஹால், 1956-ல தொறந்தது, பதினாறாயிரம் பேருக்கு மேல உக்காரலாம், அங்க மேல உக்காந்தவனுக்கு முகமூடி இல்லாட்டியும் மூஞ்சி தெரியப்போறதில்ல.

இதவிட பெரிய விஷயம் ஒன்னு இருக்கு, அங்க முகமூடியே ஒரு உடம்பு உறுப்பு மாதிரி. வில்லன் கோஷ்டிக்கு ரூடோன்னு பேரு, நல்லவங்க கோஷ்டிக்கு டெக்னிகோ. ரூடோ முகமூடிய கிழிக்க ஆரம்பிச்சா டெக்னிகோ அடியெல்லாம் விட்டுட்டு ரெண்டு கையாலயும் மூஞ்சிய பொத்திப்பான், வயித்துல உதை விழுந்தாலும் கைய எடுக்க மாட்டான். அத பாத்தப்புறம் இவனுக்கு எங்க வலிக்குதுன்னு யாராவது கேப்பாங்களா? எல் சாண்டோன்னு ஒருத்தர், 1942-ல வெள்ளி முகமூடியோட எறங்குனவர், 1984-ல செத்தப்ப அந்த முகமூடியோடயேதான் பொதச்சாங்க. இத்தனைக்கும் அவர் ஆரம்பத்துல ரூடோ. பேரு என்னமோ சாமியார், செஞ்சதெல்லாம் அடாவடி.

கேள்வி: அப்போ லூச்சால காயத்த வெச்சு கதையே சொல்ல மாட்டாங்களா? – கோயம்புத்தூர் வாசகர்

சொல்லுவாங்க, அதுவும் மத்த ஊர்க்காரன் கிட்ட நெருங்க முடியாத மாதிரி சொல்லுவாங்க, ஆனா எல்லா அடிக்கும் சொல்ல மாட்டாங்க, வலிய சில்லறையா செலவு பண்ணாம மொத்தமா சேத்து வெச்சு ஒரே எடத்துல கொட்டுவாங்க.

அந்த எடத்துக்கு பேரு மார்ட்டினெட்டே. எதிராளிய தலைகீழா தூக்கி, தலைய தொடைக்கு நடுவுல இறுக்கி, அப்படியே மண்ட தரைல மோதுற மாதிரி உக்காந்துடறது. அமெரிக்கால பல எடத்துல ரொம்ப வருஷம் இது சாதாரண அடி, வாங்குனவன் எழுந்து அடுத்த வேலைய பாப்பான். மெக்சிகோல இது தடை, போட்டா டிஸ்குவாலிஃபை, வாங்குனவன் எழுந்திரிக்கவே கூடாது, கழுத்துக்கு பட்டை, ஸ்ட்ரெச்சர், நாலு பேர் தூக்கிட்டு போவாங்க, கூட்டாளி கூடவே ஓடுவான். இத வருஷக்கணக்கா ஒழுங்கா காப்பாத்துனதால ரூடோ சும்மா அந்த பொசிஷனுக்கு போனாலே கூட்டம் எழுந்து நின்னு கத்தும். இருபது குட்டிக்கரணத்துக்கு கெடைக்காத சத்தம் அது, அவ்ளோ எதுக்கு, இன்னும் அடியே விழல.

இதுக்கு ஒரு மேட்ச் சொல்லணும்னா 1994 நவம்பர் 6, லாஸ் ஏஞ்சலஸ். ஒரு பக்கம் எல் சாண்டோவோட மகன் எல் ஹிஹோ டெல் சாண்டோவும் ஆக்டகோனும், இன்னொரு பக்கம் எடி கெரேரோவும் ஆர்ட் பாரும், தோத்தா இவங்க முகமூடிய கழட்டணும், அவங்க மொட்டை அடிச்சிக்கணும். பறக்குறதுக்கு பஞ்சமே இல்லாத மேட்ச், ஆனா பாத்தவங்க இன்னிக்கும் பேசுறது என்னத்தன்னா, மூணாவது ரவுண்டுல ஆர்ட் பார் ஆக்டகோனுக்கு அந்த தடை பண்ண அடிய போட்டுடறான், ஆக்டகோன் ஸ்ட்ரெச்சர்ல போயிடறார், ஜூனியர் சாண்டோ தனியா ரெண்டு பேருக்கு நடுவுல, அப்பா காலத்து முகமூடி பணயம், அந்த அரங்கத்துல இருந்த மெக்சிகோ ஜனத்துக்கு அது விளையாட்டே இல்ல. அப்புறம் ப்ளூ பாந்தர்னு இன்னொரு மல்யுத்தக்காரர் குறுக்க வந்து அதே அடிய ஆர்ட் பாருக்கு திருப்பி போடறார், சாண்டோ அவன பின் பண்றார், அதாவது தோள் ரெண்டயும் தரைல அமுக்கி ஜெயிக்கிறார், அதுக்கப்புறம் எடியயும் முடிச்சிட்டார், ரெண்டு பேருக்கும் மொட்டை. யோசிச்சு பாருங்க, ஒரே அடி, மொதல்ல அநியாயம், ரெண்டாவது தடவ நியாயம், ரெண்டுக்கும் ஜனம் ஏன் அப்படி துடிச்சுதுன்னா அந்த அடி பட்டா என்ன ஆகும்னு சின்ன வயசுல இருந்து அவங்களுக்கு சொல்லி வெச்சிருக்கு. அந்த மேட்ச் முடிஞ்சு மூணு வாரம் கூட ஆகல, ஆர்ட் பார் தன்னோட வீட்லயே செத்துப்போனார், வயசு 28. மேட்சுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, ஆனா தெரிஞ்சப்புறம் அந்த வீடியோவ பழைய மாதிரி பாக்க முடியாது.

சொல்ல மறந்துட்டேன், பொய்க்காயமும் அங்க ஒரு கலைதான். ரெஃப்ரீ அந்தப்பக்கம் திரும்பி இருக்கும்போது ரூடோ தன் முகமூடிய தானே கழட்டி டெக்னிகோ கையில தூக்கிப்போட்டுட்டு மூஞ்சிய பொத்திட்டு விழுவான், இல்லாட்டி யாரும் தொடாமலே அடிவயித்த புடிச்சுட்டு உருளுவான், ரெஃப்ரீ திரும்பி பாத்துட்டு அப்பாவிய டிஸ்குவாலிஃபை பண்ணிடுவார். நடிப்புக்குள்ள ஒரு நடிப்பு, கிரிக்கெட்ல இல்லாத கேட்சுக்கு அப்பீல் பண்றவனுக்கு இவங்கதான் அண்ணன்.

கேள்வி: ரே மிஸ்டீரியோ மெக்சிகோவா அமெரிக்காவா? எங்க ரூம்ல பந்தயம். – திருச்சி ஹாஸ்டல் பசங்க

ரெண்டு பேருக்கும் பாதி காசு. இந்த முகமூடி மல்யுத்த ஸ்டார் 1974-ல கலிஃபோர்னியால பொறந்தவர், தொழில் கத்துக்கிட்டது எல்லைக்கு அந்தப்பக்கம் டிஹுவானால, மாமா ரே மிஸ்டீரியோ சீனியர் கிட்ட. எதிராளி ரெண்டாவது கயித்து மேல சாஞ்சு கெடக்கும்போது கயித்த புடிச்சு சுத்தி வந்து மூஞ்சில உதைப்பார் பாருங்க, அந்த அடிக்கு பேரு 619, அது அவர் ஊருப்பக்கம் டெலிபோன் கோடு. முட்டில எத்தன தடவ ஆபரேஷன்னு அவருக்கே கணக்கு மறந்திருக்கும், அதனால அவர் முட்டிய புடிச்சுட்டு உக்காந்தா அது நடிப்புன்னு பந்தயம் கட்டாதீங்க.

கேள்வி: மேல இருந்து ஒருத்தன் குதிக்கப்போறான், கீழ மூணு பேர் வரிசையா நின்னு அண்ணாந்து பாத்துட்டு நிக்கிறாங்க. நகர்ந்தா என்ன? பாக்கவே காமெடியா இருக்கு. – சென்னை வாசகி

நகர்ந்தா குதிக்கிறவன் மண்ட சிமெண்டுல போகும், அதான் நகரல. ஆனா நீங்க புடிச்ச எடம் சரியான எடம். பறக்குறவன் பேரு போஸ்டர்ல வரும், புடிக்கிறவனுக்கு அந்த ஊர்ல பாசேன்னு ஒரு பேரு, அஸ்திவாரம்னு வெச்சுக்கோங்க, பெரும்பாலும் ரூடோதான் அந்த வேலை. கயித்துக்கு நடுவுல தலைய முன்னாடி விட்டு பாயுறது தோப்பே சுயிசீடா, பேருலயே தற்கொலை இருக்கு. ஸ்க்ரூ மாதிரி சுத்திக்கிட்டே வர்றது தோர்னியோ. எதுவா இருந்தாலும் கீழ இருக்குறவன் நெஞ்ச கொடுத்து, கைய நீட்டி, பின்னாடி சாஞ்சு அந்த வேகத்த உறிஞ்சணும். கரகம் ஆடுறவங்கள எல்லாரும் பாப்பாங்க, தவில்காரர் ஒரு அடி தப்பினா ஆட்டம் என்ன ஆகும்னு கூட நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும், அந்த கதைதான் இது.

இங்கதான் காயக்கதை நெஜமாவே உதவிக்கு வருது. கீழ இருக்குறவன் சும்மா நின்னா காமெடி. அதே ஆளு இப்பதான் இரும்பு தூண்ல மோதி தலை சுத்தி தள்ளாடி நிக்கிறான்னா, அவன் அங்க நிக்கிறதுக்கு ஒரு காரணம் கெடச்சிடுச்சு, அந்த தள்ளாட்டம்தான் பறக்குறவனுக்கு ரன்வே. பாய்ச்சல் ஒன்னு வேணும்னா அதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தன் வலிய ஒழுங்கா காட்டியிருக்கணும், இது தெரிஞ்ச பழைய ஆளுங்க மேட்சுக்கு ஒன்னோ ரெண்டோ பாய்ச்சல்தான் வெப்பாங்க. இப்ப எட்டு பத்து பாய்ச்சல் வெக்கிறாங்க, எட்டு தடவ தள்ளாடுறதுக்கு எவனுக்கு நேரம், அதனால வரிசைல நிக்கிறாங்க, ரேஷன் கடை மாதிரி.

பறக்குறவன குறை சொல்றேன்னு நெனைக்காதீங்க. ஹிஹோ டெல் விக்கிங்கோன்னு ஒரு பையன், அவன் செய்யிறத ஸ்லோமோஷன்ல போட்டு பாத்தும் எனக்கு புரியல. 2021 டிசம்பர்ல ட்ரிபிள் ஏங்கிற மெக்சிகோ மல்யுத்த கம்பெனியோட பெரிய பெல்ட்ட ஜெயிச்சான், 2024-ல முட்டி நெஜமாவே போயி பெல்ட்ட விட்டுக்கொடுக்க வேண்டியதாச்சு. மேட்ச்ல நொண்டாத ஆளுங்க கடைசில எங்க நொண்டுறாங்கன்னு பாத்துக்கோங்க.

கேள்வி: உண்மையாவே அடிபட்டா பாக்குறவங்களுக்கு தெரியுமா சார்? – மதுரை, நர்ஸ் வேலை பாக்குற வாசகி

இந்த கேள்விக்குத்தான் ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன்மா. தெரியாது. பல தடவ தெரியாமதான் போயிருக்கு.

2015 மார்ச் 20 ராத்திரி, டிஹுவானா. பெர்ரோ அகுவாயோ ஜூனியர், 35 வயசு, அந்த காலத்து பெரிய ஆளோட மகன், அவரே பெரிய ஸ்டார். எதிர்ல ரே மிஸ்டீரியோ. ஒரு சாதாரண மோதல்ல கழுத்துல அடிபட்டு ரெண்டாவது கயித்து மேல சாஞ்சாப்ல விழுந்துட்டார். அந்த பொசிஷன் இருக்கே, அது 619 வாங்குறதுக்கு எல்லாரும் தயாரா விழுற பொசிஷன். நான் அந்த வீடியோவ பாக்கும்போது எனக்கு முடிவு தெரியும், தெரிஞ்சும் கண்ணு என்ன சொல்லுச்சுன்னா, சரி அடிய வாங்க ரெடியா இருக்கார்னு. அந்த அரங்கத்துல இருந்தவங்களுக்கு என்ன தோணியிருக்கும்? மேட்ச் இன்னும் கொஞ்ச நேரம் ஓடி முடிஞ்சுது. அவர் எழுந்திரிக்கல.

2019 மே மாசம் லண்டன்ல சில்வர் கிங் மேட்ச் நடுவுலயே மாரடைப்பு வந்து விழுந்தார், கொஞ்ச நேரம் கூட்டம் இது கதைல ஒரு பகுதின்னே நெனச்சுது. அதே வருஷம் அக்டோபர்ல மான்டெர்ரேல லா பார்க்கா தோப்பே பாயும்போது தவறி தலை மோதி கழுத்து போச்சு, 2020 ஜனவரில போயிட்டார். அதுக்கெல்லாம் முன்னாடி 1993-ல ஓரோன்னு ஒரு பையன், 21 வயசு, தங்க முகமூடி, ரிங்லயே விழுந்து முடிஞ்சுபோச்சு.

நீங்க ஆஸ்பத்திரில இருக்குறதால உங்களுக்கு ஒன்னு உடனே புரியும், அசையாம கெடக்குறதுதான் நடிக்க ரொம்ப சுலபமான வலி, நெஜத்துல ரொம்ப ஆபத்தான வலியும் அதேதான். கத்துறவனுக்கு மூச்சு இருக்கு. அதனாலதான் எனக்கு இந்த அசையாம கெடந்து பயமுறுத்துற நடிப்பு புடிக்காது, எவ்ளோ தத்ரூபமோ அவ்ளோ மோசம். உள்ளுக்குள்ள ரெஃப்ரீ கைய அமுக்கி கேப்பார், இவன் திருப்பி அமுக்குனா நல்லா இருக்கான்னு அர்த்தம், அமெரிக்கால ரெஃப்ரீ ரெண்டு கையயும் தலைக்கு மேல பெருக்கல் குறி மாதிரி காட்டுனா நெஜ அடின்னு அர்த்தம். ஆனா பாருங்க, ரசிகனுக்கு அந்த குறி தெரிஞ்சதும் அதையும் கதைல சேத்து ஏமாத்த ஆரம்பிச்சிட்டாங்க. தீயணைப்பு மணிய நாடகத்துக்கு அடிக்கிற மாதிரி, எனக்கு அதுல உடன்பாடே கெடையாது. மார்ட்டினெட்டே ஸ்ட்ரெச்சர் எனக்கு தப்பா தெரியாததுக்கு காரணம், அது ஒரு சடங்கு, எல்லாருக்கும் அது சடங்குன்னு தெரியும், கழுத்து பட்டை வர்ற விதமே கூத்து மாதிரி இருக்கும்.

கேள்வி: என் பையன் கட்டில்ல இருந்து தங்கச்சி மேல தோப்பே போடுறான். என்ன பண்ண? – ஈரோடு அப்பா

கட்டில வித்துட்டு பாய் வாங்குங்க. அப்படியே பையன்கிட்ட சொல்லுங்க, மெக்சிகோல பறக்குறதுக்கு முன்னாடி மாசக்கணக்குல தரைல உருளத்தான் சொல்லிக் கொடுப்பாங்க, அதுக்கப்புறம் லைசென்ஸ் பரிட்சை வேற இருக்கு. பரிட்சைன்னு சொன்னாலே பாதி ஆச அடங்கிடும்.

கேள்வி: எனக்கு அறுபத்தஞ்சு வயசு. பேரன் காட்டுறதெல்லாம் ஒரே குதியா இருக்கு, தலை சுத்துது. நிதானமா ஒரே ஒரு மேட்ச் பாக்கணும்னா எத சொல்வீங்க? – தஞ்சாவூர் வாசகர்

ஐயா, 2000 மார்ச் 17, அரீனா மெக்சிகோ, அட்லாண்டிஸ் எதிர் மூணாம் வில்லானோ, முகமூடிக்கு முகமூடி. வில்லானோவுக்கு அப்ப நாப்பத்தெட்டு ஆக சில நாள்தான் பாக்கி, பெரிய மல்யுத்த குடும்பம், அப்பா ரே மெண்டோசா அந்த காலத்து ஜாம்பவான். கண்ண பறிக்கிற குதி ரொம்ப கெடையாது, அனுபவப்பட்ட ஆளுங்க ரெண்டு பேர் கைல இருக்குற மிச்ச பலத்தயெல்லாம் எண்ணி எண்ணி செலவு பண்ற மாதிரி இருக்கும், முகமூடிக்கு வெளில ரத்தம் ஊறி வரும், அதுக்கு நடுவுல எப்பவாவது ஒரு பாய்ச்சல் வந்தா பேரன் காட்டுன இருபதுக்கும் சேத்து அது ஒன்னு கனமா விழும். மூணாவது ரவுண்டுல வில்லானோ தோத்துட்டார்.

தோத்தவன் முகமூடிய கழட்டுனதும் வழக்கப்படி சொந்த பேர சொல்லணும், ஊர சொல்லணும், எத்தன வருஷமா இந்த தொழில்னு சொல்லணும். ஆர்துரோ தியாஸ் மெண்டோசான்னு சொன்னார். அது வரைக்கும் உக்காந்து பாருங்க, பேரன் ஓட்டி விடுறேன்னு சொன்னா ரிமோட்ட குடுக்காதீங்க.